அறுபத்திரண்டு கிலோமீட்டர்

அக்டோபர் 12, ஞாயிறு

இந்த நாட்டுக்கு வந்து ஏழு மாதம். மின்சாரக் காரைப் பற்றி விசாரித்த அளவுக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் விசாரித்ததில்லை. குளிரில் எவ்வளவு ஓடும், எத்தனை மணியில் சார்ஜ் ஏறும், எல்லாவற்றுக்கும் அட்டவணை. இன்று மூன்றாவது கடையில் வீட்டம்மா ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறந்தாள், சாத்தினாள். "சத்தமே வரல. இதையே எடுத்துடுங்க." அட்டவணை சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது.

அக்டோபர் 25

கார் வந்தது. மைத்துனன் வீடியோவில் பார்த்துவிட்டு, "மாமா, ஃப்ரிட்ஜுக்குச் சக்கரம் மாட்டி வித்துட்டாங்களா?" என்றான். சாயங்காலம் ஒயரைச் செருகுவது வீட்டம்மாவின் இலாகா. பெருமை தாங்காமல் அவள் போனிலும் காரின் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். "எனக்கெதுக்கு இது" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நவம்பர் 4

வேலை போய்விட்டது.

நவம்பர் 5

மேனேஜர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஏசி குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவன் இனி தேவையில்லையாம். விசாவில் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் பெட்டி. மகள் இப்போதுதான் இந்தப் பள்ளியில் ஒரு சிநேகிதி பிடித்திருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை. ஏன்? கார் வந்து பத்து நாள்தானே ஆகிறது — எந்த முகத்தோடு சொல்வது? காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பிவிட்டேன்.

நவம்பர் 12

ஆபீஸ் போய்வர அறுபத்திரண்டு கிலோமீட்டர். ஒயரைச் செருகும்போது அவள் சதவீதத்தைப் பார்ப்பாள். எனவே தினமும் சுற்றுச்சாலையில் அறுபத்திரண்டு ஓட்டுகிறேன். டிரைவரும் நானே, சவாரியும் நானே.

நவம்பர் 26

முப்பத்துநாலு மனு. பதில் இரண்டு. இரண்டிலும் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள்.

ஓட்டத் தெம்பில்லை. ஏரிக்கரைப் பூங்காவில் நிறுத்தி, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுசாக வைத்தேன். சார்ஜ் தானாக இறங்கியது. நாயோடு வந்த பெரியவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் கொஞ்சம் அழுதேன். ஹீட்டர் காற்றில் கண்ணீர் சீக்கிரம் காய்கிறது. இந்த வசதி அட்டவணையில் விட்டுப்போயிற்று.

டிசம்பர் 22

இன்னும் பன்னிரண்டு நாள். காலையில் கீழே போனால் காரில் ஒயர் இல்லை. நேற்று அவள் செருகவேயில்லை. மேலே வந்தேன்.

"இன்னிக்கு நடந்தே போங்க. பூங்கா பத்து நிமிஷம்தானே."

மேஜைமேல் அவள் போன். ஆப் திறந்திருந்தது. கார் நின்ற இடம், நேரம், ஹீட்டர், இறங்கியிருந்த ஜன்னல்வரை எல்லாம் அதில் இருந்தது.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஜன்னலையாவது ஏத்திட்டு உக்காரக் கூடாதா? சளி பிடிச்சா யாரு பாக்கறது?"

அலமாரிமேல் இருந்த பெட்டிகள் மூன்றும் கீழே இறங்கியிருந்தன. ஒன்று பாதி நிரம்பியிருந்தது.

ஜனவரி 2

காரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். கதவை அவள்தான் சாத்தினாள். சத்தமே வரவில்லை.