கயிறு வீசிய பின் சொல்ல வேண்டிய சொல்

ஆடி 14, வெள்ளி

மூட்டம். காற்று. ஆறு செம்மண் நிறம். தருமபுரியில் ஏறிய, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ் இண்டூர் மேட்டில் மூச்சு வாங்கி நின்றது, இறங்கித் தள்ளினோம். பென்னாகரத்திலிருந்து மாட்டு வண்டி. ஒகேனக்கல் சேர மா. 4. முதுகு போச்சு.

வந்த வேலை: பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்துக்குக் குளிதுறைக் காவல். போன வருஷம் இதே துறையில் இரண்டு பேரை ஆறு கொண்டுபோனதாம். "நீந்தத் தெரிந்த டிரில் மாஸ்டர் நீர் ஒருவர்தானே" என்றார் தலைமையாசிரியர். தஞ்சாவூர்க்காரன், காவிரியில் பிறந்து வளர்ந்தவன் என்று பீற்றிக்கொண்டதன் பலன்.

சாமான்: நார்க் கயிறு 2. மூங்கில் கழி 3. சுரைக்குடுக்கை 12 (ஒன்று ஓட்டை). விசில் 1. பரிசல் 1. பரிசல்காரர் மாதையன், அவர் ஆட்கள் நாலு பேர்.

ஆடி 15, சனி

ஒத்திகை. ஓர் ஆள் முழுகுவதுபோல் நடிக்க, மற்றவர்கள் கரையில் நின்று கத்தல். "புடிச்சுக்கோ!" "வுட்டுராத!" "தலயத் தூக்குடா!" ஆளுக்கொரு கூச்சல். நடுவே கன்னடம் வேறு. சந்தைக்கடை தோற்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

முறை வகுத்தேன்:
விசில் ஒரே ஊதல். எல்லார் வாயும் மூட வேண்டும்.
கயிறு ஆளுக்கு மேல்பக்கமாக விழ வேண்டும். தண்ணீரே கொண்டுபோய்க் கையில் கொடுக்கும்.
நான் மட்டும் கத்துவேன். ஒரே சொல். பிடி.
நீந்திப் போனால் பின்னாலிருந்து. முன்னால் போனால் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள், இரண்டு உயிரும் போகும்.

"புடின்னா ஆவாதுங்களா?" என்றார் மாதையன்.

"புடி இல்லை. பிடி. தமிழைத் தமிழாகச் சொன்னால் வாய் நோகுமா?"

"சார் சொன்னா சரிதானுங்க. ஆனா பதினெட்டுக்குக் கன்னடத்துச் சனம் நெறைய வருமுங்க. அவங்களுக்கு..."

"கயிற்றைக் கண்டால் எந்தச் சனத்துக்கும் புரியும் ஐயா."

தலையைச் சொறிந்தார். அதோடு விட்டுவிட்டார்.

மதியம் களி, மீன் குழம்பு. காரம் கண்ணில் வந்தது.

ஆடி 17, திங்கள்

இரவெல்லாம் மேற்கே மழையாம். ஒரு படி முழுகிவிட்டது. துறைக்குக் கீழே ஐம்பதடியில் சுழி. அதில் போனால் நானே மீள மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் குடித்தவரைக் காலைப் பிடித்துத் தலைகீழாய்ச் சுற்றுவதுதான் இங்கே வைத்தியம். கூடாது என்றேன். குப்புறப் படுக்கவைத்து, முகத்தை ஒருபக்கம் திருப்பி, விலாவுக்குக் கீழே இரு கையாலும் அமுக்கி அமுக்கி விட வேண்டும். மாதையனையே படுக்கவைத்துக் காட்டினேன். "கூச்சமா இருக்குதுங்க" என்று நெளிந்தார்.

விசில் நன்றாக இருக்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

ஆடி 18, செவ்வாய், மா. 5

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

கா. 10 இருக்கும். துறை நிறைய ஜனம். ஒரு பெண் பூவை ஆற்றில் விடக் குனிந்தாள். வழுக்கியது. போய்விட்டாள். கீழே ஒரு பாறையில் மோதி நின்றாள். விசில் ஊதினேன். மாதையன் வீசிய கயிறு அவள் கைக்கே போனது. பிடித்துவிட்டாள், இரண்டு கையாலும். அப்பாடா என்றிருந்தது.

"பிடி! பிடி!" என்று கத்தினேன்.

என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். இரண்டு கையையும் விட்டாள்.

எப்படிக் குதித்தேன் என்று தெரியவில்லை. சுழியின் விளிம்பில் கூந்தல் அகப்பட்டது. மாதையன் பரிசலைக் குறுக்கே கொண்டுவந்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

கரையில் மூச்சில்லை. புருஷன் புட்டசாமி காலைப் பிடித்துத் தூக்க வந்தான், தள்ளிவிட்டேன். அமுக்கினேன். எத்தனை நேரமோ. தோள் இற்றுப்போன சமயம் வாயிலிருந்து தண்ணீர். ஓர் இருமல். நானும் அழுதேன், யார் பார்த்தால் என்ன.

பெயர் கெம்பம்மா. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். வீட்டில் எல்லாரும் பேசுவது கன்னடம், வெளியாரிடம் மட்டும் தமிழ்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. மாமியார்க்காரி: "மூணு வருசமா வவுறு தொறக்கல. போய்ச் சேரலாமுன்னே கயித்த வுட்டுட்டா!" புட்டசாமி: "சாவத் துணிஞ்சவ எங்க வூட்டுக்கு வேண்டாமுங்க. அப்பன் வூட்டுக்கே போவட்டும்." கிராம முன்சீப் என்னைக் கேட்டார். 'கயிறு கைக்கு எட்டியும் தானே விட்டாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண்ணால் கண்டதுதானே. நாளன்றைக்குப் போலீசுக்குப் போகுமாம்.

ஆடி 19, புதன்

உடம்பெல்லாம் வலி. வெயில்.

கெம்பம்மாவைச் சத்திரத்தில் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. "ஏன் விட்டாய் அம்மா?" மாதையன் கன்னடத்தில் கேட்டார். திரும்பி என்னைக் காட்டி, "அவரே பிடி அந்த்ரு" என்றாள்.

மாதையன் முகம் செத்துவிட்டது. "சார்... கன்னடத்துல பிடின்னா விடுங்கன்னு அர்த்தமுங்க. புடிக்கிறதுக்கு ஹிடி. சார்தான் வுடச் சொன்னாருங்குது." பிறகு மெதுவாக, "அன்னிக்கே சொல்ல வந்தனுங்க."

காக்கி டிரவுசரும் விசிலும் பார்த்துச் சர்க்கார் ஆள் என்று நினைத்தாளாம். கயிறு அறுகிறது, பரிசல் வருகிறது, அதனால்தான் விடச் சொல்கிறார் என்று நினைத்தாளாம். என்னை நம்பி விட்டிருக்கிறாள். ஏற்கெனவே பிடித்திருப்பவளிடம் போய் எந்த மடையன் பிடி என்று கத்துவான்?

இந்த நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். பிடி. பிடி. ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

முன்சீப்பிடம் ஓடினேன். "இதெல்லாம் நம்பற கதையா மாஸ்டர்? அவ மேல எரக்கப்பட்டுச் சொல்றீங்க." புட்டசாமி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, நான் வாயைத் திறக்குமுன் எழுந்து போய்விட்டான். அவர்கள் வண்டி நாளை காலை. அவள் இல்லாமல்.

ஆடி 20, வியாழன்

கா. 7. துறைக்கு முன்சீப்பைக் கையோடு அழைத்து வந்தேன். புட்டசாமியிடம் கயிற்று நுனியைக் கொடுத்தேன். "இழுத்து வைத்துக்கொள். உன் பெண்டாட்டி நின்ற தூரம் பார்க்க வேண்டும்." முறைத்தான். வாங்கிக்கொண்டான்.

மறுமுனையோடு பாறைமேல் ஏறினேன். அருவி இரைச்சல். இவன் விடாவிட்டால் அவள் கதி? விசில் ஊதினேன். அன்றைக்குக் கத்தியபடியே கத்தினேன்.

"பிடி!"

இரண்டு கையும் திறந்தன. கயிறு தண்ணீரில்.

"எதுக்கய்யா வுட்ட?" என்றார் முன்சீப்.

"அவருதானுங்களே பிடின்..."

பாதியில் நின்றுவிட்டான். தன் கையைப் பார்த்தான். சத்திரத்து வாசலில் நின்றவளைப் பார்த்தான். முன்சீப் மடியிலிருந்து என் கடுதாசியை எடுத்து என்னிடமே கொடுத்தார்.

புட்டசாமி போய் வண்டியில் வைக்கோலைப் பரப்பினான். மேலே தன் துப்பட்டியை விரித்தான். மாமியார் முணுமுணுத்தாள், "சும்மா இரு" என்றான்.

கெம்பம்மா ஏறவில்லை. என் எதிரே வந்து நின்று ஏதோ சொன்னாள்.

"இனிமே ஹிடின்னு கத்தச் சொல்லுதுங்க" என்றார் மாதையன்.

"ஹிடி" என்றேன்.

"பத்தாதாம். ஆத்துல கேக்கணுமாம்."

கத்தினேன். அதற்குப் பிறகுதான் வண்டி ஏறினாள்.