திட்டியாவது எழுது

மார்ச் 4

மரியாதைக்குரிய பெயின்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாற்பது நாளாகக் குடிக்கவில்லையாம். மாலை வாங்கி அனுப்பட்டுமா? நான் நாற்பத்திரண்டு வருஷமாகக் குடிக்காமல் இருக்கிறேன், ஒருத்தரும் எனக்குக் கை தட்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னால் ஊசி பிடிக்காது. குடியை விட்டவர்கள் கூடுகிற இடத்துக்குப் போகச் சொன்னால் அங்கே எல்லாரும் அழுமூஞ்சிகள். துரை தனியாகவே திருந்துவாராம். போன தடவையும் தனியாகத்தான் திருந்தினீர்கள். பதினோராம் நாள் குடித்துவிட்டு ஏணியிலிருந்து விழுந்து, அடுத்த வீட்டு ஜன்னல் முழுக்கப் பச்சைப் பெயின்ட். என் கம்பெனியில் தையல் பிரிந்த சட்டையை நான் ஒதுக்கிப் போடுவேன். அதையும் இரண்டாம் தரம் என்று வாங்க ஆள் உண்டு. உங்களுக்கு அந்த யோகமும் இல்லை.

இப்படிக்கு,
சட்டப்படி மனைவி

மார்ச் 12

அன்புள்ளவளுக்கு,

வேலை ஐந்தரைக்கு முடிகிறது. சாராயக் கடை வழியாக வந்தால் பத்து நிமிஷத்தில் அறை. நான் மரக்கடைகளைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடக்கிறேன். வந்ததும் பிரஷ்களைக் கழுவுகிறேன், கழுவினதையே மறுபடியும் கழுவுகிறேன். "இப்படி ஒரு சுத்தக்காரனை நான் பார்த்ததே இல்லப்பா" என்று மேஸ்திரி கிண்டல் பண்ணுகிறார். அப்படியும் நாக்கு கேட்டால் உன் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். கை தட்டாத விஷயம் வரும் இடத்தில் ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. அந்த ரோஷத்திலேயே ஏழரை ஆகிவிடும். சாப்பிட்டுப் படுத்துவிடுவேன்.

வாரம் ஒரு கடிதம் போடு. அன்பாக வேண்டாம், திட்டியாவது எழுது. நூறு நாள் ஆனதும் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன்.

உன்,
பெயின்டர்

மார்ச் 19

பெயின்டருக்கு,

ஓகோ, என் வசவு உங்களுக்கு மருந்தாகிவிட்டதா? பதினாறு வருஷம் உங்கள் வாந்தியை அள்ளினேன். இனிமேல் தபாலிலும் ஊழியம் பார்க்கணுமோ? ரோஷம் வேண்டுமென்றால் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவளிடம் கடன் கேட்காதீர்கள். இனி என் கடிதம் வராது.

மே 3

அன்புள்ளவளுக்கு,

இன்றோடு நூறு நாள்.

உன் கடிதம் நின்ற இரண்டாம் வாரம் கடை வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே ஒரு காலும் வைத்தேன். பழைய கூட்டாளி ஒருத்தன், "வா மச்சான், நீ போய்ச் சேர்ந்துட்டேன்னுல்ல நெனச்சோம்" என்றான். ஆளைப் பார்த்தேன். முன்பல் இல்லை, சட்டையில் பொத்தான் இல்லை, வாய் மட்டும் குறையவில்லை. நானும் இவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உலகத்துக்குப் புத்தி சொன்னோம்! சீ என்று ஆகிவிட்டது. காலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

பெயின்டர்

மே 10

பெயின்டருக்கு,

வரவேண்டாம்.

மேஸ்திரியிடம் விசாரித்தேன். நீங்கள் எழுதினது நிஜம்தானாம். சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நான் இந்த அறைக்கு வந்து இரண்டு வருஷம். வந்த வாரமே விவாகரத்துப் பத்திரம் எழுதிவிட்டேன். பெட்டியிலேயே கிடந்தது. அனுப்பினால் குடித்தே செத்துப்போவீர்கள் என்று பயம். உங்கள் மேல் எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான். அதை நீங்கள் பாசம் என்று நினைத்தீர்கள், கொஞ்ச நாள் நானும் நினைத்தேன். இனி நீங்கள் சாகமாட்டீர்கள்.

பத்திரம் இதோடு இருக்கிறது. மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன், அங்கே கையெழுத்துப் போடுங்கள். வேறொன்றும் இல்லை.

மே 15

உன் கடிதம் மூன்று நாளைக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பிரஷையும் தொடவில்லை.

மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். இந்த மூன்று நாளும் குடிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரியும். சொல்ல வேறு ஆள் இல்லை.