நீங்கள் வெட்டிய கயிறு

டீச்சர்,

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர் இன்று காலை பயிற்சியில் கொடுத்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தாள். திறந்தால் புதுப் பிளாஸ்டிக் வாடை. உள்ளே ஆங்கில வார்த்தை அட்டைகள். ஒரே மாதிரி முடிகிற வார்த்தைகளை ஒரு குடும்பமாகச் சேர்த்து, குடும்பத்துக்கு ஒரு கட்டாக, மூலையில் ஓட்டை போட்டு இரும்பு வளையத்தில் கோத்திருந்தார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாகக் கழற்ற ஆரம்பித்தேன். நகம் உடைந்தது. "ஏன் மேடம் கழட்டறீங்க? எல்லாம் கலைஞ்சிடுமே" என்றாள் அந்தப் பெண். "கலையட்டும்மா" என்றேன். அப்போது உங்கள் மேல் வந்தது பாருங்கள் ஓர் எரிச்சல். செத்துப்போய் ஏழு மாதம் ஆனவர் மேல் இவ்வளவு எரிச்சல் வரலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்பது வருஷம் ஒரே அறையில் இருந்தோம். இந்தப் பக்கம் என் ஒன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் உங்கள் இரண்டாம் வகுப்பு, நடுவில் சுவருக்குப் பதிலாக ஒரு பழைய பீரோ. வாலாஜாபாத் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் ஒரு குறையோடுதான் இறங்குவீர்கள். கரும்பலகையில் என் எழுத்து சாய்ந்திருக்கிறது, என் பிள்ளைகள் சத்தம் அதிகம், நான் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஸ்டார் போட்டுவிடுகிறேன். சத்தம் அதிகம் என்று பீரோவுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்லும் உங்கள் குரல் என் மொத்த வகுப்பையும் விடப் பெரியது. அதை யாரும் உங்களிடம் சொன்னதில்லை. நான் சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் டிபன் டப்பாவைத் திறந்து, "எலுமிச்சை சாதம், எடுத்துக்கோங்க" என்று நீட்டிவிடுவீர்கள்.

உங்களுடைய பெரிய சண்டை ஆங்கில 'ஏ' எழுத்தோடுதான். எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், சத்தத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்பீர்கள். பூனைக்கான கேட், பாய்க்கான மேட், எலிக்கான ரேட், எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான், அந்த வாலைப் பிடித்துக்கொண்டால் தலையை மாற்றி மாற்றிப் பிள்ளையே படித்துவிடும் என்பீர்கள். ஆனால் 'அ'வும் இல்லாத 'ஏ'வும் இல்லாத அந்தக் குட்டிச் சத்தம் நம் எழுத்தில் இல்லையே. அதற்காக டாக்டரிடம் தொண்டையைக் காட்டுவது போல வாயைப் பிளந்துகொண்டு வகுப்பு முழுக்க நடப்பீர்கள். வெளியே தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் ஒரு நாள் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, அந்த டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் பீரோவுக்கு இந்தப் பக்கம் மறைந்து நின்று சிரித்தேன்.

எனக்கு அதெல்லாம் ஒத்துவரவில்லை. பாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தானாக வரும் என்பது என் கட்சி. அப்போதுதான் ஏகாம்பரம் வந்தார், என் வகுப்பு யாழினியின் அப்பா. பட்டுத் தறி நெய்கிறவர். என் அட்டைகள் கிழிந்துபோவதைப் பார்த்துவிட்டு, "நான் பண்ணித் தரேன் டீச்சரம்மா" என்று வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாள் கொண்டுவந்ததை மேசை மேல் விரித்துப் பார்த்தேன். சேலையில் உருவம் விழுவதற்காகத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்குமே ஓட்டை போட்ட டிசைன் அட்டைகள், அந்தப் பழைய அட்டைகளின் பின்பக்கத்தில் என் பட அட்டைகளை ஒட்டி, தறிக்குக் கட்டுகிற மாதிரியே இரண்டு ஓரமும் கயிறு போட்டுக் கோத்திருந்தார். கேட், பேட், மேட், ரேட், ஹேட், சேட். கடைசி அட்டையின் கயிறு முதல் அட்டையோடு முடிந்திருந்தது. இழுத்தால் சுற்றிக்கொண்டே வரும்.

அதை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். ஒரு பிள்ளை இழுக்க, மற்ற பிள்ளைகள் சொல்ல, ஒரு வாரத்தில் என் வகுப்பு ஆங்கிலம் படித்தது. யாழினி எல்லாரையும் விட வேகம். ரெட்டைப் பின்னலை ஆட்டிக்கொண்டு அட்டை திரும்புவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். திரும்புவதற்கு முன்பே என்பதை நான் அப்போது பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். "படிக்கல டீச்சர், பாடறாங்க" என்றீர்கள். மறுபடி அடுத்த வாரம், பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த அட்டையை ஒரு தடவை கலைச்சுப் பாருங்க" என்றீர்கள். உங்கள் பிள்ளைகள் இன்னும் வாலைப் பிடித்துக்கொண்டு திணறுகிறார்கள், என் பிள்ளைகள் பறக்கிறார்கள், அந்த வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் என் வீட்டுக்காரரிடம் அப்படியே சொல்லவும் சொன்னேன்.

ஏகாம்பரம் என்னிடம் ஒரு நாள் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பிள்ளையைக் கூப்பிட வந்தவர் வாசற்படியிலேயே நின்றார். "நான் அஞ்சாவது வரைக்கும் போனேன் டீச்சரம்மா. கூட இருக்கிற பசங்க சொல்றதக் கேட்டு நானும் சொல்லிக்கினே வந்துட்டேன். ஒரு எழுத்து தெரியாது. இப்பக்கூட முதலாளி போன்ல மெசேஜ் போட்டா பக்கத்துத் தறிக்காரன்கிட்டதான் காட்டறேன். பாப்பா என்னை மாதிரி ஆயிடக் கூடாது. நெஜமாவே படிக்குதா?" என்றார். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "சூப்பரா படிக்கிறா, கவலையே படாதீங்க" என்றேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் சாக்பீஸை வைக்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். யாழினியை முன்னால் நிறுத்தி அட்டையை இழுத்தேன். மடமடவென்று சொன்னாள், மூன்று சுற்று. எல்லாரும் கை தட்டினார்கள். ஏகாம்பரம் தட்டவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது உங்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தீர்கள். கையில் கத்தரிக்கோல். என்னைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு பக்கக் கயிற்றையும் அட்டைக்கு அட்டை வெட்டினீர்கள். அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, மேலே இருந்ததை யாழினியிடம் கொடுத்து, "இத படி கண்ணு" என்றீர்கள்.

கொடுத்தது எலிக்கான அட்டை. படத்தை விரலால் மறைத்திருந்தீர்கள். குழந்தை சத்தமாக, தைரியமாக, "கேட்" என்றது. அடுத்து தொப்பி. "பேட்" என்றது. அடுத்து எதைக் கொடுத்தாலும் அதற்கு மேட்தான் வரப்போகிறது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவளுக்கும் கூட. பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

ஏகாம்பரம்தான் எழுந்தார். "தப்பு என்னுதுதான் டீச்சரம்மா. கோத்தது நான்தானே. தறியில அட்டை ஒண்ணு எடம் மாறினா அன்னப்பட்சிக்கு வால் இல்லாம போயிடும், அதனால மாறவே கூடாதுன்னு இறுக்கிக் கட்டிப்புட்டேன். புள்ளைக்கும் அப்படியே ஆயிடுச்சு" என்றார். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஆறு வயசுப் பெண்ணை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும்.

எல்லாரும் போன பிறகு உங்களைக் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? ஊர் முன்னாடியா மானத்தை வாங்குவீங்க?" என்றேன். நீங்கள் கத்தரிக்கோலை டப்பாவில் போட்டு மூடினீர்கள். "தனியாத்தான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அந்த மனுஷன்கிட்ட நீங்க சூப்பரா படிக்கிறான்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் மூணாவது தடவை எனக்குச் சொல்லத் தோணல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள்.

நீங்கள் சொன்னது சரி. அதை இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன். ஆனால் செய்தது சரியில்லை. இதையும் இன்றுதான் எழுதுகிறேன். வெட்ட வேண்டியது கயிற்றைத்தான், குழந்தையை நிற்க வைத்து வெட்டியிருக்க வேண்டாம். திங்கட்கிழமை வந்த யாழினி வாயைத் திறக்கவே இல்லை. ஆங்கிலம் மட்டும் இல்லை, வருகைப் பதிவுக்குக்கூட கையைத்தான் தூக்கினாள். உங்களைக் கண்டால் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருபது நாள். ஒரே அறை, ஒரே பீரோ, ஒரே டஸ்டர். "அந்த டீச்சர்கிட்ட போய் டஸ்டர் வாங்கிக்கினு வா" என்று நான் ஒரு பிள்ளையை அனுப்புவேன். "தொடச்சதும் திரும்பக் குடுக்கணும்னு அவங்ககிட்ட சொல்லு" என்று நீங்கள் அதே பிள்ளையிடம் சொல்லி அனுப்புவீர்கள். மதியம் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம். நான்கு எட்டு தள்ளி எலுமிச்சை சாதம் மணக்கும்.

இருபத்தோராம் நாள் நீங்களே டப்பாவை எடுத்துக்கொண்டு என் மூலைக்கு வந்தீர்கள். மன்னிப்புக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களாவது கேட்பதாவது. "அந்தப் பொண்ணு என்கிட்ட வாயைத் தொறக்க மாட்டா. உங்ககிட்டதான் தொறப்பா. எப்படின்னு நான் சொல்றேன், நீங்க சொல்லிக் குடுங்க" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு படியிறங்கிப் போன அந்த மனுஷன் கண் முன்னால் வந்தார். "சொல்லுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் நான் உங்களிடம் மாணவி. "‘க்’ சொல்லுங்க." சொன்னேன். "‘கு’ங்கறீங்க. வால்ல ‘உ’ ஒட்டிக்கினு வருது பாருங்க. நறுக்குங்க." மறுபடி சொன்னேன். "வாயை இன்னும் பெருசா தொறங்க. வெக்கமா?" ஆமாம், வெட்கமாகத்தான் இருந்தது. நாற்பத்தாறு வயதில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் லாரி அந்தப் பக்கம் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். நீங்கள் ஒரு முறைகூட நன்று என்று சொல்லவில்லை. சரியாக வந்தால் அடுத்த எழுத்துக்குப் போவீர்கள், அவ்வளவுதான்.

மதியம் கற்றதை மாலை யாழினியிடம் கொண்டுபோவேன். மடியில் உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஒரே ஓர் அட்டை. வாலை மட்டும் முதலில். பிறகு ஒரு தலை. அவள் முதலில் உதட்டை அசைத்தாள். ஐந்தாம் நாள் என் காதில் மூச்சாகச் சொன்னாள். பீரோவுக்குப் பின்னால் நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நாற்காலி சத்தம் போடக் கூடாது என்று எழுந்திருக்காமல் இரண்டு பஸ்ஸை விட்டீர்கள். அதை நான் கவனித்தேன். சொல்லத்தான் இல்லை.

ஒரு காலை மணி அடிப்பதற்கு முன்பே ஏகாம்பரம் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் ஒன்றை எடுத்தார். "டீச்சரம்மா, பால் வாங்கியாரச் சொன்னேன். வழியிலேயே நின்னுக்கினு இதப் படிச்சுக்கினு இருக்குது. இங்க பாருங்க, இந்த எடம். ஃபேட்டுன்னு சொல்லுது. கடைக்காரர்கிட்ட கேட்டேன், ஆமா ஃபேட்டுதான், கொழுப்புன்னு அர்த்தம்னாரு. இது நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்றார். நான் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். அந்த வார்த்தை நம் அட்டைகளில் இல்லை. நான் சொல்லித் தரவில்லை, நீங்கள் சொல்லித் தரவில்லை. யாரும் சொல்லித் தராத வார்த்தை. "இல்லைங்க, அவளே படிச்சிருக்கா" என்றேன். அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் ஓடி வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தீர்கள். "சரி. ஃபேன் படிப்பாளா, கேட்டுப் பாருங்க" என்றீர்கள். தலை அதே தலை, வால் வேறு.

டஸ்டரை உங்கள் மேல் எறிந்திருப்பேன் டீச்சர். கையில் இல்லை. எப்போதும் போல உங்கள் மேசையில்தான் இருந்தது.

போன வாரம் ஒரு அம்மா வந்தாள். இந்த வருஷம் என்னிடம் சேர்ந்த பையனின் அம்மா. "எம்புள்ள வீட்ல கடகடன்னு சொல்றான் மேடம், நல்லா படிக்கிறான்ல?" என்று கேட்டாள். பக்கத்தில் புது டீச்சர் சிரித்த முகத்தோடு நின்றாள். நான்கைந்து அம்மாக்கள் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையாட்டியிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். நான் அந்த அம்மாவைத் தனியாக அழைத்துக்கொண்டு போனேன். "இன்னும் படிக்கலம்மா. மனப்பாடமா சொல்றான். எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க, நான் படிக்க வைக்கிறேன்" என்றேன். அவள் முகம் சுருங்கியது. பரவாயில்லை, தாங்கிக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு பெற்றோரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. உள்ளதைச் சொன்னது நீங்கள். தனியாக அழைத்துக்கொண்டு போனது நான். திரும்பி வந்து, பழக்க தோஷத்தில், பீரோவுக்கு மேலே பார்த்தேன். இதிலும் ஒரு குறை சொல்வீர்களே என்று.

அதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் டீச்சர்.