கையை எடு என்று சொல்ல ஆளில்லை

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் மாடிப்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தார். "செத்துப்போனவளுக்கு எதுக்குத் தாயி லெட்டரு?" என்றார். உயிரோடு இருக்கிறவர்களிடம் சொல்லிப் பார்த்தாச்சு, ஒருத்தருக்கும் விளங்கவில்லை என்றேன். அவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் புருஷனுக்குச் சோறு வடிக்க வந்துவிட்டது, குழம்புதான் வரவில்லை. மில்லில் எனக்கு நூல் சுற்றுகிற வைண்டிங்கில் காலை ஷிப்டு போட்டிருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் மாடித் தகரக் கொட்டகையில் படங்களோடுதான் இருக்கிறேன். அங்கே உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் இப்போது பெயின்ட் டப்பாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள், காலியாகக் கிடந்தால் என்னால் பார்க்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் படக் கண்காட்சி நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுக்கிற ஜெரினா டீச்சர் என்பவர்தான் ஏற்பாடு. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு என்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார். யாரிடம் கற்றீர்கள், எது உங்களை வரைய வைத்தது என்று கேட்டார். படம் போய்ச் சேர்ந்தும் அந்த நாலு வரி மட்டும் பாக்கி, பேனாவை எடுத்தால் ஒரு வரிகூட வரவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதம் வருகிறது.

யாரிடம் கற்றேன்? யாரிடமும் இல்லை. மில்லை விட்டு வரும்போது தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைத் தட்டி எறியாமல் ஒரு நாள் மைதாப் பசையில் தோய்த்துப் பழைய பிளைவுட் பலகையில் ஒட்டிப் பார்த்தேன், மலைமேல் மேகம் இறங்கின மாதிரி இருந்தது. கேன்வாஸ் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் பேண்டேஜ் கம்பெனியில் மடிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியில் எண்ணெய்க் கறை பட்ட துண்டுகளை அடுப்படி துடைக்கக் கொண்டுவருவீர்கள். நான் அதில் கைவைத்தேன்.

"ஏட்டி, அடுப்புத் தொடைக்கிற துணியக் காணமேன்னு வீடு பூராவும் தேடுதேன். அது இங்கன மலையா நிக்குது," என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றீர்களே, நினைவிருக்கிறதா? திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்து போட்டீர்கள். அதிலிருந்து செம்மண், தேயிலைத் தண்ணீர், பஸ் டிக்கெட், கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயின்டின் மிச்சம் என்று எது கிடைத்தாலும் பலகையில் ஏறியது. இதற்கு மிக்ஸட் மீடியா என்று பெயர் இருப்பதை யாரோ போனில் காட்ட, நான் பெருமையாக உங்களிடம் வந்து சொன்னேன். "அப்ப கூட்டாஞ்சோறுன்னு சொல்லு," என்று கீரையை ஆயப் போய்விட்டீர்கள்.

அந்த ரயில்வே கேட் படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். செங்கோட்டை ரயிலுக்காகக் கேட்டை மூடியிருக்கிறார்கள், ஷிப்டு முடிந்த பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் பஞ்சைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "போதும். கைய எடு," என்றீர்கள்.

"இன்னும் முடியல மதினி."

"அது முடிஞ்சு செத்த நேரமாச்சுட்டி. பொறவு நீ ஒட்டுனதெல்லாம் படத்துக்கு இல்ல, உன் ஆசைக்கு."

கையை எடுத்துவிட்டு நாலடி பின்னால் வந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது சரியாக இருந்தது. கடைசியில் ஒட்டினதை எல்லாம் உரித்து எடுத்தேன். அன்றிலிருந்து உங்கள் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வராமல் எந்தப் படமும் முடிந்ததில்லை. எப்படித் தெரிகிறது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "கொழம்பு எறக்குறதுக்கு யாராவது சொல்லித் தருவாங்களா? வாசம் மாறும், எறக்கணும்," என்பீர்கள். எனக்கு அந்த வாசம் வந்ததே இல்லை மதினி. நீங்கள் இருந்ததால் வராதது ஒரு குறையாகத் தெரியவில்லை.

நீங்கள் இருக்கும்போது கடைசியாக ஆரம்பித்த படம், மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு நாம் மூன்று பேரும் போன நாள்தான். ஓடையில் கால் நனைத்தபடி நீங்கள் பாறையில் உட்கார்ந்திருந்தீர்கள். அங்கிருந்து மண் அள்ளிவர வேறு எதுவும் இல்லாமல், பால்கோவாவைத் தின்று தீர்த்த டப்பாவில் அடைத்தோம். வீட்டுக்கு வந்து திறந்தால் மண் முழுக்க எறும்பு. "உன் படத்தத் திங்க எறும்பாவது வருதே," என்று சிரித்தீர்கள். திரும்பி வந்த வாரத்தில்தான் காலில் அந்தப் புண்ணைப் பார்த்தோம். சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறாது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், எங்களிடம் சொல்லவில்லை.

தினமும் காலையில் நான்தான் கட்டுப் போட்டேன். ஆயுசு பூராவும் காஸ் துணி மடித்தவர் நீங்கள், என் மடிப்பு உங்களுக்குப் பிடிக்குமா? "கோணலா இருக்குட்டி. எங்க சூப்பர்வைசர் பாத்தா திருப்பி அனுப்பிருவாரு." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொல்வீர்கள். நர்ஸம்மா வந்தவர், இறுக்கிப் பொத்தாதீர்கள், கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் மாடியேற முடியாத உங்களுக்காகப் பலகையைக் கீழே கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்து வேலை செய்தேன். ஓடை வந்தது, மர நிழல் வந்தது. இடது பக்க மேல் மூலையில் மட்டும் வெறும் காஸ் துணியும் பசையும். அங்கே மலையின் நீலத்தை வைக்கலாம் என்று பிரஷ்ஷை நீட்டினேன்.

"அந்த மூலையத் தொடாத," என்றீர்கள்.

"ஏன் மதினி?"

"தொடாதன்னா தொடாத. எல்லாத்தையும் பொத்திப் பொத்தி வைக்க. கொஞ்சம் காத்து வரட்டும்."

மீதியைப் பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றீர்கள். அதே வாரம் காய்ச்சல் ஏறி மதுரைக்குக் கூட்டிப்போனோம். காலை எடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம் என்றார்கள், எடுத்தார்கள். உயிரும் நிற்கவில்லை. அந்தப் படத்துக்கு மட்டும் நீங்கள் கையை எடு என்று சொல்லவே இல்லை.

அப்புறம் நான் செய்ததை எல்லாம் கேளுங்கள். செண்பகத்தோப்புப் பலகையை மாடிக்கே ஏற்றி வைத்துவிட்டு, நம்மூர்ச் சஞ்சீவி மலையை ஒட்ட ஆரம்பித்தேன். இடையில் எங்கோ நன்றாக வந்திருக்க வேண்டும், எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே மேலே ஒட்டிக் கடைசியில் நனைந்த சாக்கு மாதிரி ஆனது. வெயிலில் காயும் சேலைகளைப் படமாக ஒட்டினேன், அதுவும் போச்சு. சுரண்டிக் கழுவிய பலகைகள் மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. எனக்கு ஆத்திரமாக வருகிறது மதினி, உங்கள் மேல்தான். சமைக்கக் கற்றுக்கொடுத்தீர்கள், பஞ்சாயத்து பேசக் கற்றுக்கொடுத்தீர்கள், நிறுத்தக் கற்றுக்கொடுக்காமல் போய்விட்டீர்களே?

ஜெரினா டீச்சர் வீட்டுக்கு வந்தபோது செண்பகத்தோப்புப் படத்தின் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார். "இதுதான் வேணும். அந்த மூலைய மட்டும் முடிச்சுக் குடுத்திருங்க," என்றார். பொல்லாதவர் இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். மறுப்பு என் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. மூலையைத் தொட்டால் இதையும் கெடுத்துவிடுவேன். தொடாவிட்டால் நீங்கள் பாதியில் நிறுத்தினதைக் காரணமாக வைத்து நானும் பாதியில் நின்றுவிட்டேன் என்று ஆகுமா? நாள் போனதே தவிர முடிவு வரவில்லை.

படம் போக வேண்டிய அன்று விடிந்ததும் நீலத்தைக் குழைத்துவிட்டேன். அண்ணன் காப்பி கொண்டுவந்தார். அவராவது சொல்ல மாட்டாரா என்று, "அண்ணே, இங்கன நீலம் வைக்கட்டா?" என்று கேட்டேன்.

"வையி தாயி, நல்லாத்தான் இருக்கும்."

"வேண்டாம்னு விட்ரட்டா?"

"விடு, அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

நல்ல மனுஷன், அவரை என்ன சொல்ல? டம்ளரை வைத்துவிட்டு ஓடைப் பக்கம் குனிந்து பார்த்தார். அங்கே பாறை இருக்கிறது, நீங்கள் இல்லை. உங்களை நான் வரையவில்லை, கால் நனைத்த இடத்தில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கலை ஒரு விரலால் தடவிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

நான் பிரஷ்ஷை மூலைக்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றேன். இந்த மாதிரி நேரத்தில் போனவர்களின் குரல் காதில் கேட்கும் என்று சொல்கிறார்கள். பொய் சொல்ல மாட்டேன் மதினி, உங்கள் குரல் கேட்கவில்லை. எதிர்வீட்டில் மோட்டார் ஓடியது. நீலம் சொட்டித் தரையில் விழுந்தது. ரொம்ப நேரம் நின்றேன், வாசம் ஒன்றும் மாறவில்லை. கை வலித்தது. பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

சின்ன யானை லோடு வண்டியில் படத்தை ஏற்றிக்கொண்டு நானும் அண்ணனும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மாட்டிய பிறகு டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மூலை அப்படியே இருக்கே, சந்தனமாரி. ஆளுக வர இன்னும் நேரம் இருக்கு. எங்கிட்ட கலர் இருக்கு, இங்கயே முடிச்சிருங்களேன்," என்றார்.

"அது முடிஞ்சிருச்சு டீச்சர்," என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அங்கே கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வரைக்கும் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள். சிலர் மூலையைக் கையால் காட்டிப் பேசிக்கொண்டார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. நீங்கள் போனது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மதுரையிலிருந்து உங்களைக் கொண்டுவந்த அன்றுகூட இப்படி அழவில்லை. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் சொன்னது சரிதானா மதினி? அந்தப் படம் முடிந்ததா, இல்லை நான்தான் பயந்துவிட்டேனா? இதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தீர்கள்.

நாளைக்குப் புதிய பலகையில் பசை தடவப் போகிறேன். கெட்டுப்போகலாம், அதற்கடுத்ததும் கெட்டுப்போகலாம். ஆனால் செண்பகத்தோப்பில் அந்த மூலையை யாரையும் தொட விட மாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கையை எடுத்துவிட்ட,
உங்கள் நாத்தனார்
சந்தனமாரி