பிளக்கைப் பிடுங்குகிறவன்

அன்புள்ள மொய்ரா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? பில்பரா வெயிலிலும் சுரங்க வேலையிலும் நான் நலம், கவலைப்படாதே.

என் காரிலிருந்து, நான் குடியிருக்கும் டிரெய்லரின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் போகும் பிளக்கைத் தினமும் மாலையில் யாரோ பிடுங்கிவிடுகிறார்கள். என்னை 'புரொஃபசர்' என்று கேலி செய்யும் பக்கத்து டிரெய்லர்க்கார வெர்ன் மேல்தான் சந்தேகம். நேற்றுக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"யோவ் புரொஃபசர், வண்டி நின்னப்புறமும் சொருகியே வச்சா உன் ஃப்ரிட்ஜ் கார் பேட்டரியையும் குடிச்சிடும். காலையில எப்படிய்யா ஸ்டார்ட் பண்ணுவே?"

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ யார்கிட்டயாவது பேசுறியா?"

வயரிங் செய்தது உன் தம்பி கிளைவ். என்ஜின் நின்றதும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயை மறந்தானா, நான் வீடு திரும்பக் கூடாதென்றே விட்டானா? கேட்டு எழுது. ரிலே ஒன்று அனுப்பு. கூடவே ஒரு டீக் கோப்பையும். இங்கே ஒன்றுதான் இருக்கிறது.

வெர்ன் பிளக்கைப் பிடுங்க வரும் நேரம். முடிக்கிறேன்.

உன் லயனல்