ஏழாம் எண்ணுக்கு நான் இட்ட மதிப்பெண்ணை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
செல்லோ பிரிவின் முதன்மைக் கலைஞர்,
மாநகர சிம்பொனி இசைக்குழு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
இசைக்குழு நிர்வாக அலுவலகம்.

பொருள்: வயோலா பணியிடத் தேர்வில் நடந்த முறைகேடு – அதைச் செய்த தேர்வுக்குழு உறுப்பினரே அளிக்கும் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் புகார் என் மீதானது. தங்களுக்கு இது விந்தையாக இருக்கலாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2. தாங்கள் அறிந்தபடி, வாசிப்பவருக்கும் எங்கள் ஐவருக்கும் நடுவே கறுப்புத் திரை இருந்தது. காலடி ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று கம்பளமும் விரித்திருந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டுமே. ஏழாம் எண் வாசிக்கத் தொடங்கும் முன், குளிர்ந்த நீரில் இறங்கப் போகிறவர்போல மூக்கால் சுருக்கென்று ஒரு மூச்சு கேட்டது. சிறு வயதிலிருந்தே பக்கத்து அறையில் நான் கேட்டு வளர்ந்த மூச்சு. அது என் தங்கை. விண்ணப்பித்ததை என்னிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

3. வாசிப்பவரை அடையாளம் கண்டால் கையை உயர்த்திவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. நான் உயர்த்தவில்லை. உயர்த்தினால் அவள் யாரென்று தெரிந்துவிடும், அது அவளுக்குக் கெடுதல் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் அஞ்சியது வேறு. திரை விலகியதும், 'தங்கைக்கு வாரிக் கொடுத்துவிட்டான்' என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மற்ற நால்வரும் பத்துக்கு ஒன்பது இட்ட வாசிப்புக்கு நான் ஆறு இட்டேன். அவள் நன்றாக வாசித்தாள் ஐயா. மெதுவான பகுதியில் என் அருகிலிருந்த புல்லாங்குழல் கலைஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

4. இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் வேலை நான்காம் எண்ணுக்குப் போயிற்று. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அவளைத் தேற்றவும் நானே போனேன். அவள் அழவில்லை. "திரைக்குப் பின்னால யாருக்கும் யாரையும் தெரியாதுண்ணா. அப்போ எனக்கு நிஜமாவே போதலைன்னுதானே அர்த்தம்?" என்றாள். மறுநாள் வயோலாவின் தந்திகளைத் தளர்த்தி, பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். அடுத்த மாதத்தோடு அவளுக்கு வயது வரம்பும் கடந்துவிடும்.

5. ஆகவே, நான் இட்ட மதிப்பெண்ணை நீக்கி, நியமன ஆணையை நிறுத்திவைத்து, நான் இல்லாத குழுவின் முன் நான்காம் எண்ணையும் ஏழாம் எண்ணையும் மீண்டும் வாசிக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன். நான்காம் எண்மீது எந்தக் குற்றமும் இல்லை; அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன். என்மீது தாங்கள் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன்.

6. இன்னொரு விண்ணப்பம். நடந்ததை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சொன்னாலும், அண்ணன் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே நினைப்பாள். தங்கள் அலுவலகத் தாளில், முத்திரையோடு போனால் நம்புவாள். மற்ற நால்வரும் இட்ட மதிப்பெண்களை அதில் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆறு இட்டது யார் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

இடம்: ஒத்திகைக் கூடம்
நாள்: முடிவு வெளியான ஆறாம் நாள்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
செல்லோ கலைஞர், ஏழாம் எண்ணின் அண்ணன்