நீ பிடுங்கித் தந்த அம்புகள்

அன்பு மச்சான் ரூபன்,

உன்னை எரித்துவிட்டு வந்து இலையுதிர்காலமும் முடிந்துவிட்டது. டென்மார்க் குளிர்காலம் உனக்குத் தெரியும், ஓல்போர்க்கில் இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் இருட்டிவிடுகிறது. உன் அக்கா நலம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கும் அதையே எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

பனியில் கார் புரண்டு என் கால்கள் விளங்காமல் போன பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை வில்வித்தைக் கழகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவன் நீ. ஒருநாளும் நீ வில்லைத் தொட்டதில்லை. நான் சக்கர நாற்காலியில் இருந்து எய்வேன். நீ நடந்துபோய் அம்புகளைப் பிடுங்கி வருவாய். "அத்தான், உங்கட அம்பும் உங்களை மாதிரித்தான், பிடிச்சா விடாது" என்பாய். அந்தப் பகிடியை இப்போது யார் சொல்லப்போகிறார்கள்?

கழகத்தில் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டமே. எய்து முடித்து வில்லை மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய கை சும்மா இருக்கிறது என்று பார்ப்பேன். தங்களுடையதைப் பிடுங்கிவிட்டு என்னுடையதையும் பிடுங்கி, சிரித்துக்கொண்டே தருவார்கள். 'தக்' என்று டெனிஷில் நன்றி சொல்வேன். அடுத்த சுற்றிலும் 'தக்'. உனக்கு நான் ஒருமுறையாவது நன்றி சொல்லியிருக்கிறேனா?

போதாததற்குப் புதிய இலக்குகள் வந்தன. கட்டியான நுரைப் பலகை. அம்பு புகுகிற வேகத்தில் சூடேறி, நுரை உருகித் தண்டோடு ஒட்டிக்கொள்கிறது. நிற்கிறவர்களே காலை ஊன்றித்தான் இழுக்கிறார்கள். நாற்காலியில் இருக்கிறவன் எதை ஊன்றுவது?

ஒரு ஞாயிறு பின்னேரம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, தனியாகப் போனேன். யாரிடமும் கையேந்தாமல் ஒருமுறை எய்துவிட வேண்டும் என்ற எண்ணம். எய்தேன். கிட்டப் போய், பிரேக்கைப் போட்டு, ஒரு அம்பை இரண்டு கையாலும் பிடித்து உள்ள பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். அம்பு அசையவில்லை. நாற்காலிதான் அசைந்தது. பின்சக்கரம் கிளம்பி நான் முன்னால் சரிந்தேன். முன்சக்கரம் இலக்கைத் தாங்கும் மரக்காலுக்குள் செருகிக்கொண்டது. என் நெஞ்சு பலகையில் அழுந்தியிருந்தது. கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்பின் வால்.

போன், எய்யும் கோட்டருகே பைக்குள். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. கொஞ்சநேரத்தில், ஆளரவம் இல்லையென்று ஹாலின் விளக்குகள் தாமாகவே அணைந்தன. கையை ஆட்டிப் பார்த்தேன். அந்த மூலையில் என் கை விளக்குக்குத் தெரியவில்லை. டெனிஷில் கூப்பிட்டேன். தமிழில் கூப்பிட்டேன். உன் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன், மச்சான்.

ஹேண்ட்போல் விளையாட வந்த பெண்கள்தான் என்னைத் தூக்கினார்கள்.

"இனி அங்க போகவேண்டாம். தம்பியும் இல்லை. உங்களுக்கும் ஒண்டு நடந்தா நான் எங்க போறது?" என்றாள் உன் அக்கா. நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு வீடுதான். யன்னல், கார் நிறுத்துமிடம், மழை. அவள் முதியோர் இல்ல வேலைக்குப் போவாள், வருவாள். மகள் அபி கதவுக்கு அப்பால் இருந்து டெனிஷில் ஏதாவது கேட்பாள். மூன்று பேரும் ஆளுக்கொரு அறைக்குள் அடைபட்டுக் கிடந்தோம்.

ஒருநாள் அபி என் அம்புகளை மேசையில் பரப்பி, தண்டில் காய்ந்திருந்த நுரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போகுமுன்பே இது வழுக்கவேண்டும் அப்பா என்று டெனிஷில் சொன்னாள்.

சோற்றுப்பானையைத் துடைத்துக்கொண்டு நின்ற உன் அக்கா திரும்பாமலே கேட்டாள். "சோப்புப் போட்டுப் பாக்கேல்லையே?"

பிறகு பானையைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியில தம்பியின்ர விரல் வீங்கிக் கிடந்தது. மோதிரத்தை வெட்டப்போறம் எண்டு நிண்டவை. நான்தான் சோப்பு வாங்கிப் பூசி, மெல்ல மெல்லத் திருப்பிக் கழட்டினனான். இழுத்தா வராது. திருப்பவேணும்."

இதை அவள் எங்களிடம் சொன்னதேயில்லை. அப்படியே தரையில் குந்தி அழுதாள். அபி ஓடிவந்து பக்கத்தில் இருந்தாள். எனக்குக் குந்த முடியாது. குனிந்து உன் அக்காவின் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். அம்பின் முன்பாதியில் உலர்ந்த சோப்புக்கட்டியைத் தேய்த்துவிட்டு எய்தேன். நாற்காலியை இலக்குக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, இடது உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி, வலது கையால் அம்பைத் திருப்பினேன். முதலில் ஒரு கிறீச்சுச் சத்தம். பிறகு பிடி விட்டது. அம்பு என் கையில் வந்தது. அபி "யா!" என்று டெனிஷில் கத்தினாள்.

எல்லாம் வரவில்லை. மேலே குத்தியவை எவ்வளவு எட்டினாலும் திரும்பவில்லை. கதவு திறந்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். நாற்காலி அதேதான், குளிர்காலமும் நீளம். நீயும் வரப்போவதில்லை.

ஆனால் வருகிற வியாழன், கழகத்தில் எல்லோரும் கூடுகிற நேரம் போவேன், மச்சான். கைக்கு வருவதை நானே கழற்றுவேன். வராத அம்புக்கு, யார் வருவார்கள் என்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்காமல், வாய்திறந்து பெயர் சொல்லிக் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அக்காவைக் கட்டியவன்,
என்றும் உனக்கு அத்தான்,
சிவநேசன்